ரிசீவரோடு சப்வூஃபரை இணைக்க நான்கு வழிகள்: உங்கள் வீட்டுக்கு எது?

அண்மையில் ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருப்பவருக்கு அண்ணா கனடாவிலிருந்து ஒரு சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) அனுப்பியிருக்கிறார். இங்கே உள்ள ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வயரை எங்கே குத்துவது என்று தெரியாமல் அது இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பருத்தித்துறைக்காரரிடம் இருப்பது அப்பா வாங்கிய பழைய ஸ்டீரியோ அம்ப் (ஒலியைப் பெருக்கி இடம், வலம் என இரண்டு ஸ்பீக்கருக்குக் கொடுப்பது). அதன் பின்பக்கத்தில் சப்வூஃபருக்கென்று எதுவுமே இல்லை. மூன்றாமவர் நல்லூர். புதிதாக டைல்ஸ் பதித்த ஹோலுக்குக் குறுக்கே வயர் ஓடுவதை வீட்டில் ஒருவரும் விரும்பவில்லை, வயர்லெஸ் வாங்கலாமா என்று கேட்டார்.

மூவருக்கும் ஒரே பதில் சரிவராது. அதனால் முதலில் எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொரு வழியாக வருகிறேன்.

## முடிவுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

சப்வூஃபரின் முதுகு. அதைத் திருப்பிப் பாருங்கள். சுவரில் குத்துகிற கரண்ட் வயர் இருந்தால் உள்ளே சொந்தமாக அம்ப் இருக்கிறது. இதுதான் ஆக்டிவ் சப். ஸ்பீக்கர் வயர் போட ஒரு சோடி முனை மட்டும் இருந்தால் அது பாசிவ். மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒரு வித்தியாசம்தான் முக்கியம்.

கரண்ட். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் எங்களுக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லண்டனிலிருந்தோ ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸிலிருந்தோ வந்தது என்றால் வோல்ட் பிரச்சினை இல்லை, பிளக் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். 120 வோல்டுக்கு மட்டும் செய்த கனடாச் சாமானை நேரே குத்தினால் முதல் நிமிடத்திலேயே கருகலாம். கரண்ட் வயர் புகும் இடத்துக்குப் பக்கத்தில் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். ‘100–240’ என்று இருந்தால் பயமில்லை. சிலவற்றில் 115க்கும் 230க்கும் மாற்றுகிற சின்னச் சுவிட்ச் இருக்கும். அதை மாற்றிவிட்டுத்தான் குத்த வேண்டும். இரண்டும் இல்லாமல் 120 மட்டும் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். லேபிளில் உள்ள வாட்ஸுக்கு ஒன்றரை மடங்காவது தாங்கக்கூடியதாக வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் எர்த் இணைப்பு இல்லாதவை உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். இலவசமாக வந்த சப்வூஃபருக்கு இது ஒரு மறைந்த செலவு.

படமா, பாட்டா? 5.1 ஒலி என்றால் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்பும். அதில் அந்த ‘.1’ சப்புக்கென்று தனியான ஒரு சானல். எல்.எஃப்.இ என்பார்கள். வெடி, இடி போன்றவற்றுக்காக 120 ஹேர்ட்ஸ் (வினாடிக்கு 120 அதிர்வு) வரையான தாழ்ந்த ஒலியை மட்டும் சுமப்பது. ஸ்டீரியோப் பாட்டில் அந்தச் சானல் கிடையாது. பாட்டில் சப்வூஃபர் பேச வேண்டுமானால், மற்ற ஸ்பீக்கர்களுக்குப் போகிற தாழ்ந்த ஒலியைப் பிரித்து அதற்குக் கொடுக்க வேண்டும். யார் பிரிக்கிறார், ரிசீவரா சப்வூஃபரா என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

வைக்கிற இடம். ரிசீவருக்கும் சப்புக்கும் இடையே எத்தனை அடி, நடுவில் கதவு இருக்கிறதா, சுவர் எவ்வளவு தடிப்பு என்று அளந்துகொள்ளுங்கள்.

உப்புக் காற்று. குருநகர், பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கத்து வீடுகளில் உலோக முனைகள் சீக்கிரம் பச்சை பூக்கும். முனைகள் கூடக் கூடக் கோளாறு வரும் இடமும் கூடும்.

## வழி 1: ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து ஒற்றை ஆர்.சி.ஏ வயர்

ரிசீவருக்குப் பின்னால் ‘சப்வூஃபர் பிரீ அவுட்’ என்று எழுதியிருக்கும் வட்டத் துளையிலிருந்து, சப்வூஃபரில் ‘எல்.எஃப்.இ’ என்று எழுதியிருக்கும் துளைக்கு ஒரே ஒரு ஆர்.சி.ஏ வயர் (நடுவில் ஓர் ஊசியும் சுற்றி வளையமும் உள்ள முனை கொண்டது). சப்பில் எல்.எஃப்.இ என்று தனியாக இல்லாமல் இடம், வலம் என இரண்டு துளைகள் இருந்தால் ஏதாவது ஒன்றில் குத்தலாம். ஒய் வயர் போட்டு இரண்டிலும் கொடுத்தால் சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இரண்டு கருவிகளும் இடம் கொடுத்தால் என் தெரிவு எப்போதும் இதுதான். காரணம் வயர் அல்ல, ரிசீவருக்குள் இருக்கும் வசதி. எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஒலி, எவ்வளவு சத்தம், எவ்வளவு தாமதம் என்பதையெல்லாம் அது ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்கிறது. சின்ன ஸ்பீக்கர்கள் தங்களால் முடியாத தாழ்ந்த ஒலியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

ஆனால் வயரைக் குத்தியவுடன் வேலை முடிந்துவிடாது. எங்கள் ஊரில் ‘சப் வேலை செய்யவில்லை’ என்று நான் போய்ப் பார்த்தவற்றில் பெரும்பாலும் சப் நல்லாகத்தான் இருந்தது, பிழை செட்டிங்கில். இந்த நான்கையும் சரிபாருங்கள்:

- ரிசீவர் மெனுவில் முன் ஸ்பீக்கர்களை ‘ஸ்மோல்’ ஆக்குங்கள். ஸ்பீக்கர் ஆளுயரமாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே ஸ்மோல் என்றால் தாழ்ந்த ஒலியைச் சப்புக்கு அனுப்பு என்றுதான் பொருள். ‘லார்ஜ்’ என்று விட்டால் ஸ்டீரியோப் பாட்டில் சப் மௌனமாகிவிடும்.
- கிராஸ்ஓவரை, அதாவது தாழ்ந்த ஒலியைச் சப்புக்குப் பிரிக்கும் எல்லையை, 80 ஹேர்ட்ஸில் தொடங்குங்கள். மிகச் சின்ன ஸ்பீக்கர் என்றால் 100, 120 என ஏற்றலாம். ஏற்ற ஏற்ற, ஒலி எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கத் தொடங்கும்.
- சப்வூஃபரில் உள்ள லோ பாஸ் குமிழை (எவ்வளவு உயர்ந்த ஒலி வரை சப் வாசிக்கலாம் என்று வெட்டுவது) உச்சத்துக்குத் திருப்புங்கள், அல்லது எல்.எஃப்.இ நிலையில் விடுங்கள். இல்லையென்றால் ரிசீவர் ஒருமுறையும் சப் ஒருமுறையும் வெட்டி, நடுவில் ஒரு பள்ளம் விழும்.
- வொல்யூம் குமிழை நடுவில் வைத்துவிட்டு ரிசீவரின் தானியங்கி அளவீட்டை ஓட்டுங்கள். டெனொன், மராண்ட்ஸில் ஓடிசி, யமஹாவில் வை.பி.ஏ.ஓ என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.

அளவீடு முடிந்ததும் சப்வூஃபரின் தூரம் அளவுநாடாவில் வருவதை விடக் கூடுதலாகக் காட்டலாம். பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்சுற்று கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, அந்தத் தாமதத்தை ரிசீவர் தூரமாக எழுதிக்கொள்கிறது.

மறைந்த செலவு வயரின் நீளம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் மெல்லிய வயர். சப்பை அறையின் மறுமூலைக்குக் கொண்டுபோக 8, 10 மீட்டர் வேண்டும். இதற்குக் கேபிள் ரிவிக்கும் டிஷ்ஷுக்கும் இழுக்கிற ஆர்.ஜி.6 வயரே போதும். இரண்டு முனையிலும் ஆர்.சி.ஏ மாற்றி போட்டால் சரி. அந்த வேலை செய்கிற தம்பிமாரிடம் சொன்னால் கையோடு செய்து தருவார்கள். கவசம் நல்லது, விலையும் குறைவு. ஒரே குறை, வயர் விறைப்பு, கூர்மையாக மடிக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘கோஆக்சியல்’ என்று எழுதிய, பெரும்பாலும் செம்மஞ்சள் நிறத் துளையும் பார்வைக்கு இதே மாதிரித்தான் இருக்கும். அது டிஜிட்டல் ஒலிக்கானது, சப்புக்கு அல்ல.

## வழி 2: ஸ்பீக்கர் முனைகளிலிருந்து நேரே

பழைய ஸ்டீரியோ அம்ப் வைத்திருப்பவர்களுக்கு இது. சப் ஆக்டிவாக இருக்க வேண்டும், அதில் ‘ஹை லெவல்’ அல்லது ‘ஸ்பீக்கர் இன்’ முனைகளும் இருக்க வேண்டும். அம்பின் இடது வலது ஸ்பீக்கர் முனைகளில் ஏற்கெனவே உள்ள வயரோடு இன்னொரு சோடி வயரைச் சேர்த்து முறுக்கிச் சப்புக்குக் கொண்டுபோகிறீர்கள். அம்புக்குச் சுமை கூடுமா என்று பயப்பட வேண்டாம். சப் அதிலிருந்து மின்வலுவை இழுப்பதில்லை, சமிக்ஞையைத் தொட்டுப் பார்க்கிறது, அவ்வளவே.

பாட்டுக்கு இந்த வழியின் இசைவை நான் மதிக்கிறேன். அம்பின் வொல்யூம், பேஸ் (தாழ்ந்த ஒலி) குமிழ் எதைத் திருப்பினாலும் சப்பும் கூடவே வரும். முன் ஸ்பீக்கர்கள் முழு ஒலியையும் வாசித்துக்கொண்டே இருக்கும், அவை தளர்கிற இடத்தில் சப் கைகொடுக்கும். சப்பின் லோ பாஸ் குமிழை இங்கே உச்சத்தில் விடக் கூடாது. 50, 60 ஹேர்ட்ஸ் பக்கம் வைத்துக் காதால் கேட்டு ஏற்றி இறக்குங்கள். பழைய தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டாரைக் கவனித்துக் கேட்டால் போதும். எல்லாச் சுரமும் ஒரே அளவு சத்தத்தில் வந்தால் சரி, ஒரு சுரம் மட்டும் வீங்கி வந்தால் கூடிவிட்டது.

படத்துக்கு இந்த வழி பலவீனம். 5.1 ரிசீவரை இப்படி இணைத்தால் மெனுவில் ‘சப்வூஃபர் இல்லை’ என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் எல்.எஃப்.இ சானல் முன் ஸ்பீக்கர்களுக்குப் போகும், அங்கிருந்து சப்புக்கு வரும். அதாவது அந்த இடி முழுவதையும் உங்கள் முன் ஸ்பீக்கர்களும் சுமக்க வேண்டும். சின்ன ஸ்பீக்கர் என்றால் கரகரக்கும்.

அம்பை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள். முறுக்கிய ஒரு இழை பக்கத்து முனையில் தொட்டால் அம்பின் வெளியீட்டுப் பகுதி போய்விடும். புதிய டிஜிட்டல் அம்புகள் சிலவற்றில் கறுப்பு முனைகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவும் கூடாது, கைநூலில் அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

## வழி 3: வயர்லெஸ்

ரிசீவரின் சப் அவுட்டில் ஒரு சின்ன அனுப்பி, சப்வூஃபர் பக்கத்தில் ஒரு சின்ன வாங்கி. ஆனால் சப்புக்குக் கரண்ட் வயர் வேண்டும், வாங்கிக்கும் வேண்டும், அனுப்பிக்கும் வேண்டும். ஒரு வயரை ஒழிக்கப் போய் இரண்டு அடப்டர் சேர்ந்துவிடும். சப் நிற்கிற மூலையில் பிளக் பொயின்ட் இல்லையென்றால் எலெக்ட்ரீசியன் செலவும் சேரும்.

தாமதத்தையும் கணக்கில் எடுங்கள். 20 மில்லி வினாடி தாமதம் என்றால், எங்கள் வெப்பத்தில் ஒலி ஏறத்தாழ 7 மீட்டர் போகிற நேரம். தானியங்கி அளவீடு இருக்கிற ரிசீவர் சமாளித்துக்கொள்ளும். ஆனால் ஸ்பீக்கர்களுக்கிடையே இடக்கூடிய தூர வித்தியாசத்துக்குப் பல ரிசீவர்களில் ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் பேஸ் பின்தங்கும். பழைய கல்வீடுகளின் தடித்த சுவருக்கு அப்பால் இது நம்பகமாக வேலை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே அறைக்குள், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் என்றால் சரி.

சவுண்ட் பாரோடு வந்த வயர்லெஸ் சப்பை மட்டும் தனியே விலை பேசுகிறார்கள் என்றால் வாங்காதீர்கள். பொதுவாக அது தன்னுடைய பாரோடு மட்டுமே பேசும், உங்கள் ரிசீவரோடு பேசாது.

## வழி 4: பாசிவ் சப்புக்குத் தனி அம்ப்

ஹோம் தியேட்டர் செட் ஒன்று பழுதாகி, சப் பெட்டி மட்டும் மிஞ்சுகிற வீடுகள் நிறைய. அதை வீணாக்க மனம் வராது, எனக்கும் வராது. ஆனால் ரிசீவரின் சப் அவுட்டில் வருவது சமிக்ஞை மட்டும், ஸ்பீக்கரைத் தள்ளுகிற வலு அதில் இல்லை. முன் ஸ்பீக்கர் முனையிலேயே சேர்த்துக் குத்தினால் ஓம்ஸ் (ஸ்பீக்கர் காட்டும் மின்தடை) கீழே இறங்கி, ரிசீவர் சூடாகித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அந்த செட்களின் சப்கள் பல 3, 4 ஓம்ஸ் என்பதால் ஆபத்து இன்னும் கூட.

சரியான முறை: சப் அவுட், அதிலிருந்து தனி அம்ப், அதிலிருந்து சப். அம்ப் அந்த ஓம்ஸைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அம்ப், வயர், அதற்கொரு இடம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பாவித்த ஆக்டிவ் சப் ஒன்றின் விலைக்குக் கிட்ட வந்துவிடும், ஒலியோ அதற்குக் கிட்ட வராது. நல்ல அம்ப் ஏற்கெனவே வீட்டில் சும்மா இருக்கிறது என்றால் மட்டும் இந்த வழியை எடுங்கள். உள்ளேயே கிராஸ்ஓவர் வைத்து, அம்பின் வயரை வாங்கிச் சின்ன ஸ்பீக்கர்களுக்குத் திருப்பி அனுப்புகிற பழைய பாசிவ் சப்கள் சில உண்டு. அவை விதிவிலக்கு, அவற்றுக்குத் தனி அம்ப் தேவையில்லை.

## ஒரே பார்வையில்

| | சப் அவுட் வயர் | ஸ்பீக்கர் முனை | வயர்லெஸ் | தனி அம்ப் |
|---|---|---|---|---|
| எந்தச் சப் | ஆக்டிவ் | ஹை லெவல் உள்ள ஆக்டிவ் | ஆக்டிவ் | பாசிவ் |
| ரிசீவரில் சப் அவுட் | வேண்டும் | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் |
| படம் | மிக நல்லது | சுமார் | நல்லது | சுமார் |
| பாட்டு | நல்லது | மிக நல்லது | நல்லது | சுமார் |
| மறைந்த செலவு | நீள வயர் | முன் ஸ்பீக்கர்களின் சுமை | பிளக் பொயின்ட், தாமதம் | அம்ப், இடம், சூடு |
| உப்புக் காற்றில் | முனைகளை ஆண்டுக்கொருமுறை துடைக்க | வெறும் செம்பு கறுக்கும், முனை வெட்டிப் புதுப்பிக்க | அடப்டர் முனைகள் கவனம் | முனைகள் அதிகம் |

## இரைச்சல்: எந்த வழியிலும் வரலாம், முதல் வழியில் கூட

‘ம்ம்ம்’ என்று ஓயாத ஓர் இரைச்சல். எங்கள் வீட்டில் இது ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தது. சப்பைத் திருத்தக் கொடுத்தேன், பிழை இல்லை என்று திரும்பி வந்தது. வயர் மாற்றினேன், போகவில்லை. கடைசியில் ரிவிக்குப் பின்னாலிருந்த கேபிள் இணைப்பைக் கழற்றிய அந்த நொடியில் அறை அமைதியானது.

காரணம் இதுதான். கேபிள் வயரின் கவசம் தெருவில் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. சப் உங்கள் வீட்டு எர்த்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள சின்ன வோல்ட் வித்தியாசம், ரிவி, எச்.டி.எம்.ஐ, ரிசீவர், ஆர்.சி.ஏ வயர் வழியாக ஒரு வளையமாகச் சுற்றுகிறது. அதைத்தான் சப் பெருக்கிக் காட்டுகிறது.

கண்டுபிடிக்கும் ஒழுங்கு: முதலில் சப் பக்கத்தில் ஆர்.சி.ஏ வயரைக் கழற்றுங்கள். அப்போதும் இரைந்தால் பிழை சப்புக்குள், அல்லது அதன் டிரான்ஸ்ஃபோமரில். நின்றுவிட்டால் வயரைத் திரும்பக் குத்திவிட்டு, கேபிள் அல்லது டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் வளையம் அங்கே. கேபிள் ரிவிக்கு அந்த வயரில் போடுகிற சின்ன ஐசொலேட்டர் (சமிக்ஞையை விட்டு, எர்த் தொடர்பை மட்டும் துண்டிப்பது) தீர்த்துவிடும். டிஷ்ஷுக்கு அதைப் போட முடியாது, ஏனென்றால் அந்த வயரில்தான் டிஷ்ஷின் தலைக்குக் கரண்ட் போகிறது. அங்கே ஆர்.சி.ஏ வயரில் ஒலி ஐசொலேட்டர் போட வேண்டும். மலிவானவை மிகத் தாழ்ந்த ஒலியைத் தின்றுவிடும் என்பதையும் அறிந்து வாங்குங்கள். எல்லாப் பிளக்கையும் ஒரே சுவர்ப் பொயின்டிலிருந்து எடுத்தாலே சில வீடுகளில் இரைச்சல் குறையும்.

பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஒரு வயர் கழன்று பெட்டியில் தொட்டால், அந்த எர்த்துத்தான் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பிளக்கையும் கேபிள் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு வயரை விட்டால், மின்னலுக்கு வழி திறந்தே இருக்கும்.

## பேஸ் போதவில்லை, அல்லது இடையிடையே நிற்கிறது

இரவில் சத்தம் குறைத்துப் பார்க்கும்போது சப் தூங்கிவிடுகிறதா? ‘ஓட்டோ’ சுவிட்சுக்குச் சமிக்ஞை போதவில்லை. ரிசீவர் மெனுவில் சப் அளவைச் சில டெசிபெல் ஏற்றி, சப்பின் குமிழை அதே அளவுக்கு இறக்குங்கள். கேட்கிற சத்தம் மாறாது, விழிப்பு வந்துவிடும்.

பேஸ் மெலிந்திருந்தால், சப்பின் அசைவைத் தலைகீழாக்குகிற ஃபேஸ் சுவிட்சை 0க்கும் 180க்கும் மாற்றி, உங்கள் கதிரையில் இருந்தபடி கேளுங்கள். கூடுதலாகக் கேட்கும் நிலையில் விடுங்கள். ஒலியில் கை வைக்காமல் அப்படியே அனுப்புகிற ‘பியூர் டிரெக்ட்’ போன்ற முறைகள் பல ரிசீவர்களில் சப்பை அணைத்துவிடும், அதையும் பாருங்கள்.

பிறகு கதிரை. 14 அடி நீள ஹோலில் முதல் அதிர்வு ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் விழும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியும் ஏறத்தாழ அதே 41தான். அந்த ஹோலின் சரிநடுவில் கதிரையைப் போட்டால் அந்தச் சுரம் அங்கே கேட்கவே கேட்காது, சுவரோரத்தில் மட்டும் முழங்கும். புதுச் சப் வாங்க முன்னம் கதிரையை இரண்டடி பின்னால் தள்ளிப் பாருங்கள். சப்பை உங்கள் கதிரையில் தற்காலிகமாக ஏற்றிவைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, அறையோரமாகக் குனிந்து நடந்து, பேஸ் ஒழுங்காகக் கேட்கும் இடத்தைக் குறித்து, சப்பை அங்கே இறக்குவது இன்னும் நல்லது.

ஹோல் விறாந்தைக்கும் குசினிக்கும் திறந்திருந்தால் சப் அந்த முழுக் காற்றையும் நிரப்ப வேண்டும். ஓட்டுக்கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத வீடு என்றால் இன்னும் கூட. அங்கே 8 அங்குலச் சப்பின் குமிழை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை, 10 அல்லது 12 அங்குலம் வேண்டும். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் ரிசீவரின் இரவு முறையைப் போடுங்கள், பேஸ்தான் சுவர் தாண்டிப் போகிறது.

## அந்த மூவருக்கும்

கொக்குவில்: முதல் வழி. முதலில் லேபிளில் வோல்ட் பாருங்கள். 120 மட்டும் என்றால் டிரான்ஸ்ஃபோமர் வாங்கும்வரை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், ஆர்வத்தில் குத்திவிடாதீர்கள்.

பருத்தித்துறை: இரண்டாவது வழி, தயங்க வேண்டாம். சப் வாங்கும்போது ஹை லெவல் முனை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள், புதியவற்றில் அது இல்லாதவை கூடிக்கொண்டு வருகின்றன. கடற்கரை வீடு என்பதால் முறுக்கிய வயரை விட வாழைப்பழ பிளக் போட்டு இறுக்குவது நல்லது.

நல்லூர்: வயர்லெஸ் வாங்க முன்னம் சப்பை ரிசீவருக்குப் பக்கத்திலேயே, முன் சுவரோரம், இருக்கிற சின்ன வயரோடு ஒரு கிழமை வைத்துக் கேளுங்கள். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பெரிதாகத் தெரியாது, அதனால் பின்மூலைதான் வேண்டும் என்றில்லை. அங்கே பேஸ் சரிவராவிட்டால், கதவு நிலையைச் சுற்றி 10 மீட்டர் ஆர்.ஜி.6 வயரைச் சுவர் நிறத்து பிளாஸ்டிக் கேசிங்குக்குள் ஓட்டலாம். அதற்கும் வீட்டில் மறுப்பு என்றால் அப்போது வயர்லெஸ், அதுவும் சப் நிற்கிற மூலையில் பிளக் பொயின்ட் போட்ட பிறகு.